வடிப்பதா, வற்ற வைப்பதா: வீட்டில் சீனச் சோறு சமைக்கக் கற்பவருக்கு ஓர் ஒப்பீடு

சீனச் சமையலைக் கற்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் வாணலியிலிருந்தே தொடங்குகிறார்கள். சோயா சாறு, நல்லெண்ணெய், வெங்காயத்தாள், இஞ்சி என்று ஒவ்வொன்றையும் தேடிச் சேர்த்துக்கொண்டு, சோற்றை மட்டும் வழக்கம்போல் குக்கரில் மூன்று விசிலுக்கு விட்டுவிடுகிறார்கள். சாம்பாரோ ரசமோ ஊற்றிப் பிசைந்து உண்பதற்கென்று பக்குவப்பட்ட அந்தச் சோற்றைக் கிண்ணத்தில் இட்டுக் குச்சிகளால் எடுக்கும்போது, ஒன்று அது உதிர்ந்து விழுகிறது, அல்லது குழைந்து கூழாகி நிற்கிறது. நானும் நெடுநாள் இப்படித்தான் சமைத்தேன்; குறை கறியில் இருக்கிறது என்று நம்பிக் கறியின் பக்குவத்தையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீனர்களின் மேசையில் இது சிறிய குறை அன்று. அங்கே ஒரு வேளை உணவு என்பது ‘ஃபான்’ எனப்படும் சோறும், அதற்குத் துணையாக வரும் ‘ட்ஸாய்’ எனப்படும் கறி வகைகளும் சேர்ந்தது. உப்பும் எண்ணெயும் சேராத வெறுஞ்சோறே நடுவில் இருப்பது. கறி நன்றாக அமைந்துவிட்டால், சோற்றை உள்ளே இறக்குகிறது என்னும் பொருளில் ‘ஷியா ஃபான்’ என்று பாராட்டுகிறார்கள். சோற்றையும் வேளை உணவையும் ஒரே சொல் குறிப்பதால், சாப்பிட்டாயிற்றா என்று கேட்க வேண்டிய இடத்தில் சோறு உண்டாயிற்றா என்றே கேட்கிறார்கள். பறிபோகாத நிரந்தர வேலைக்கு ‘இரும்புச் சோற்றுக் கிண்ணம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வயலில் நிற்பது ‘தாவ்’, உமி நீக்கியது ‘மி’, வெந்தது ‘ஃபான்’ என்று அவர்கள் பிரித்துச் சொல்வது, நெல், அரிசி, சோறு என்று நாம் பிரிப்பதோடு அப்படியே பொருந்துவதால், இந்த மதிப்பைத் தமிழருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எந்தக் குக்கரை வாங்கலாம், எந்த நிறுவனத்தின் கருவி நல்லது என்பதே கற்பவர்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கு முன்பாகத் தீர்க்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. அரிசி வெந்த நீரை வடித்துவிடப் போகிறோமா, அல்லது முழுவதையும் அரிசிக்குள்ளேயே வற்ற வைக்கப் போகிறோமா? மூடிய பானை, சிச்சுவான் வீடுகளின் மரப் பானை, குவாங்டோங்கின் மண்சட்டி ஆகிய எல்லாமே இந்தக் கேள்விக்குச் சீனாவின் வெவ்வேறு பகுதிகள் கண்ட விடைகள். இவற்றில் எதுவும் புதிய வரவும் அன்று. யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில், செஜியாங் மாகாணத்தில் 1973-ல் கண்டறியப்பட்ட ஹெமுடு என்னும் இடத்தில், சுமார் 7000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நெல் எச்சங்களோடு, அடியில் துளையிட்ட சுடுமண் ஆவிப் பாத்திரங்களும் கிடைத்திருக்கின்றன. நீரில் வேகவைப்பதும் ஆவியில் அவிப்பதும் அங்கே அவ்வளவு காலமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்துவருகின்றன.

பாத்திரத்துக்கு முன்னால் அரிசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீனா முழுவதும் சோறு உண்ணும் நாடு என்பது பாதி உண்மைதான். சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் இணைத்து ஒரு கோடு இழுத்தால், அதற்கு வடக்கே பழங்காலத்தில் தினையும் பின்னர் கோதுமையும், தெற்கே நெல்லும் முதன்மைப் பயிர்களாக இருந்தன. நெல்லிலும் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ‘ஷியென்’ என்பது நீளமான, உதிரியாக வேகும் அரிசி. தெற்கின் வெப்பத்துக்கு உரியது. ‘கெங்’ என்பது குட்டையாகவும் உருண்டையாகவும் இருந்து, வெந்தபின் பளபளப்போடு ஒட்டிக்கொள்ளும் அரிசி. யாங்சியின் கீழ்ப்பகுதியிலும் குளிர்ந்த வடகிழக்கிலும் விளைகிறது. ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் வூச்சாங் அரிசிக்கு இன்று நாடெங்கும் மதிப்பு இருக்கிறது. தெற்கில் இரண்டு போகம் பரவுவதற்குப் பெரிதும் உதவியது, இன்றைய மத்திய வியட்நாமில் இருந்த சாம்பா நாட்டின் நெல். வறட்சியைத் தாங்கி விரைவாக விளையும் அந்த நெல்லின் விதையை ஃபூஜியானிலிருந்து வரவழைத்து, 1012-ல் சோங் பேரரசர் சென்சோங் வறட்சியால் வாடிய யாங்சிப் பகுதிகளில் பகிர்ந்தளிக்கச் செய்தார்.

இரண்டு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு மாவுச்சத்தில் இருக்கிறது. அமைலோஸ் என்னும் கூறு மிகுந்தால் சோறு உதிரியாகும், குறைந்தால் ஒட்டும். நீள அரிசி வகைகள் பலவற்றில் மாவுச்சத்தின் கால் பங்கு அளவுக்கு அமைலோஸ் இருக்க, குட்டை அரிசியில் அது பெரும்பாலும் 15 முதல் 20 விழுக்காடு வரை இருக்கிறது. இலையில் பொதிந்து அவிக்கும் ‘சோங்ஸி’ போன்ற பண்டிகைப் பண்டங்களுக்கான பசையரிசியில் அது ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். எனவே பசையரிசியை அன்றாடச் சோற்றுக்கு வாங்கிவிடக் கூடாது.

நம் கடைகளில் கிடைப்பவற்றுள் எதை எடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. புழுங்கல் அரிசியை முதலில் விலக்க வேண்டும். உமியோடு ஒருமுறை வெந்து உலர்ந்த அந்த அரிசியின் மாவுச்சத்து இறுகிவிடுவதால், பருக்கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில்லை. சீனச் சோறு என்பது பச்சரிசிச் சோறுதான். பாஸ்மதி நீண்டு தனித்தனியாகப் பிரிவதற்கென்றே பெயர்பெற்றது. சீரகச் சம்பாவுக்கு அதற்கே உரிய மணம் இருப்பதால், அது கறியோடு போட்டியிடும். தாய்லாந்தின் மல்லிகை அரிசியே தொடங்குவதற்கு ஏற்றது. குவாங்டோங்கிலும் ஹாங்காங்கிலும் விரும்பி உண்ணப்படும் அந்த அரிசி, நீளமாக இருந்தும் மென்மையாக வெந்து, குச்சியில் எடுக்கும் அளவுக்கு ஒட்டிக்கொள்ளும். நீர் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கெட்டுப்போவதில்லை. வடகிழக்குச் சீனச் சோறு வேண்டுமானால், ஜப்பானியக் குட்டை அரிசி என்று விற்கப்படுவதை வாங்கலாம். விலை அதிகம் என்றாலும் வகை ஒன்றே. இவை எதுவும் கிடைக்காத ஊரில் பொன்னிப் பச்சரிசி ஓரளவுக்குக் கைகொடுக்கும்.

நம் பழக்கத்துக்கு நேர்மாறான ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். நாம் பழைய அரிசியைத் தேடிப் போகிறோம். அது உதிரியாக வரும், அளவும் காணும். சீனர்கள் இலையுதிர் காலத்தில் அறுவடையான புது அரிசிக்குக் காத்திருக்கிறார்கள். அதன் மணமும் பிசுப்பும்தான் அவர்களுக்கு வேண்டியவை. புது அரிசிக்கு நீர் குறைவாகவும் பழைய அரிசிக்குக் கூடுதலாகவும் தேவைப்படும் என்பதால், இந்த வேறுபாடு ருசியோடு நிற்பதில்லை. அடுத்து வரும் நீர்க்கணக்கையும் மாற்றுகிறது.

இனி முறைகளைப் பார்க்கலாம். வற்ற வைக்கும் முறைக்கு அடி கனமான பாத்திரமும் நன்றாகப் பொருந்தும் மூடியும் போதும். அரிசியை இரண்டு மூன்று முறை மென்மையாகக் களைந்து, குட்டை அரிசியானால் அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். மல்லிகை அரிசி ஒரு டம்ளருக்கு ஒன்றேகால் டம்ளர் நீரும், குட்டை அரிசிக்கு அதைவிடச் சற்றுக் குறைவாகவும் வைத்து, கொதி வந்ததும் தீயை முடிந்த அளவு குறைத்து, மூடியைத் திறக்காமல் 12 நிமிடம் வைத்திருந்து, அடுப்பை அணைத்தபின் மேலும் 10 நிமிடம் அப்படியே விட வேண்டும். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைப் பலர் தவிர்க்கிறார்கள். அடியில் தங்கிய ஈரம் மேலேறி, எல்லாப் பருக்கைகளுக்கும் சமமாகப் பரவுவது அந்த நேரத்தில்தான். உடனே திறந்து கிளறினால் மேற்பகுதி வறண்டும் அடிப்பகுதி குழைந்தும் இருக்கும்.

டம்ளர் கணக்கைவிட விரல் கணக்கையே பல சீன வீடுகளில் நம்புகிறார்கள். சமன்செய்த அரிசியின் மேல் விரல் நுனியை வைத்தால், நீர் முதல் கணுவைத் தொட வேண்டும். சிறிய பானையானாலும் பெரிய பானையானாலும் இது எப்படிப் பொருந்துகிறது என்று முதலில் எனக்கு வியப்பாக இருந்தது. அரிசி உள்வாங்கும் நீர் அரிசியின் அளவைப் பொறுத்தது. ஆவியாகிப் போகும் நீரோ பாத்திரத்தின் அகலத்தையும் மூடியையும் தீயையும் பொறுத்தது. இரண்டாவது பங்கு, அரிசியை இரட்டிப்பாக்கினாலும் இரட்டிப்பாகாது. அரிசிக்கு இடையில் நிற்கும் நீர் முதல் பங்கையும், மேலே ஒரு கணு அளவு நிற்கும் நீர் எஞ்சிய தேவையையும் ஏறத்தாழ நிறைவுசெய்துவிடுகின்றன. ஒரு டம்ளருக்கு ஒன்றேகால் என்றால் நான்கு டம்ளருக்கு ஐந்து என்று கணக்குப் போட்டுச் சமைப்பவருக்குச் சோறு குழைவதன் காரணமும் இதுதான். மிக அகன்ற பாத்திரத்தில் மட்டும் விரல் கணக்கு நீரைக் கூட்டிக் காட்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மின்சாரக் குக்கர் செய்வதும் இதே வற்ற வைக்கும் வேலைதான். தீயைக் கவனிக்கும் பொறுப்பை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. ஜப்பானில் தோஷிபா நிறுவனம் 1955 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கிக் குக்கரில் தொடங்கி, இன்று சீன நகர வீடுகளில் அது இல்லாத சமையலறையைக் காண்பது அரிது. எளிய குக்கரின் அறிவு முழுவதும், அடித்தட்டின் நடுவில் உள்ள ஒரு காந்தத்தில் அடங்கியிருக்கிறது. பாத்திரத்தில் நீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. நீர் வற்றியதும் அடிப்பகுதி அதற்கு மேல் சூடேறும். 103 டிகிரியை ஒட்டி அந்தக் காந்தம் தன் காந்தத் தன்மையை இழக்க, விசை ‘டக்’ என்று மேலெழும். நேரத்தை அது அளப்பதே இல்லை, நீர் தீர்ந்ததை மட்டும் அறிகிறது என்பது விளங்கினால், அதிக நீர் ஊற்றியவருக்கு அது ஏன் நல்ல சோறு தரவில்லை என்பதும் விளங்கும். வற்றும்வரை வேகவைத்து, குழைந்த சோற்றை அது உண்மையாகவே ஒப்படைக்கும். ஆகவே குக்கர் நீர்க்கணக்கைக் கற்றுத் தராது; கற்றவருக்கு உழைப்பை மிச்சப்படுத்தும். விலை உயர்ந்த மாதிரிகளில் உள்ள பல பொத்தான்களுக்காகப் பணம் செலவிட வேண்டிய தேவையை நான் காணவில்லை.

மறுபக்கத்தில் இருப்பது வடிக்கும் முறை. நம் பாட்டிமார்களின் கைக்கு மிக அருகில் இருப்பதும், சீனச் சமையலைப் பற்றி வெளியே பேசப்படும்போது மிகவும் மறக்கப்படுவதும் அதுவே. சிச்சுவான், குய்சோ பகுதிகளின் கிராமத்து வீடுகளில் உலை கொதித்ததும் அரிசியைப் போட்டு, முக்கால் பதம் வெந்து நடுவில் வெள்ளைப் புள்ளி எஞ்சியிருக்கும்போதே மூங்கில் கூடையில் கொட்டி வடிக்கிறார்கள். அதன்பிறகுதான் நம் வழியும் அவர்கள் வழியும் பிரிகின்றன. நாம் முழுப் பதத்தில் வடித்து அதோடு முடித்துக்கொள்கிறோம். அவர்கள் அந்த முக்கால் பதச் சோற்றை ‘ட்செங்’ என்னும் மரப் பானையில் இட்டு ஆவியில் மீண்டும் அவிக்கிறார்கள். பருக்கை தனித்தனியாக, உள்ளே மென்மையாக, மரத்தின் மெல்லிய மணத்தோடு வரும் அந்தச் சோறு, எண்ணெயும் காரமும் மிகுந்த சிச்சுவான் கறிகளுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது.

மரப் பானை நமக்குக் கிடைக்காது, தேவையும் இல்லை. இட்லிப் பானையில் இடியாப்பத் தட்டை வைத்து, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியை விரித்து, வடித்த சோற்றை அழுத்தாமல் குவித்துப் போட்டு, ஆவி மேலேறுவதற்காக ஒரு குச்சியால் ஏழெட்டு இடங்களில் துளையிட்டு மூடினால் போதும். முதல் முறை நான் துளையிட மறந்தேன். நடுப்பகுதி வெள்ளைப் புள்ளியோடு நறுக்கென்று நின்றது. அடுத்த முறை துளைகளின் வழியே ஆவி நூல்நூலாக எழுவதைப் பார்த்த பிறகே மூடினேன். இருபது நிமிடத்தில் துணியோடு தூக்கிக் கொட்டியபோது, சோறு உருண்டையாக விழுந்து தானாகவே உதிர்ந்தது. இந்த முறையின் பெரிய நன்மை, நீரை அளக்க வேண்டியதே இல்லை என்பது. பதம் பார்க்கத் தெரிந்தால் போதும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பழகிய கைக்கு அது கடினமன்று. மிகுதியான நீரில் வேகவைத்து வடிப்பதால் அரிசியில் உள்ள ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருள் குறைகிறது என்பது உண்மை. கூடவே நீரில் கரையும் சில வைட்டமின்களும் போய்விடுகின்றன என்பதும் உண்மை.

வடித்த நீரை அவர்களும் கொட்டுவதில்லை. ‘மிதாங்’ என்னும் அந்தக் கஞ்சித் தண்ணீரை அப்படியே குடிக்கிறார்கள், அல்லது அதில் கீரையைப் போட்டு வேகவைக்கிறார்கள். சீனர்கள் ‘ஜோ’ என்று அழைக்கும் அரிசிக் கஞ்சி, ஹாங்காங் உணவகங்களின் ஆங்கில விலைப்பட்டியலில் ‘காஞ்சி’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அது போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்ற நம் ‘கஞ்சி’யே.

நம் பிரஷர் குக்கரைப் பற்றிக் கேட்பார்கள். உயரமான மலைப்பகுதிகளில் அது இன்றியமையாதது. 3650 மீட்டர் உயரத்தில் உள்ள லாசாவில் நீர் 88 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால், அழுத்தம் இல்லாமல் அரிசி சரியாக வேகாது. சமவெளியில் உள்ள நமக்கோ அது தேவைக்கு மிஞ்சிய வெப்பம். மல்லிகை அரிசி அதில் முனை பிளந்து குழைகிறது. வேறு பாத்திரம் இல்லையென்றால், விசில் போடாமல் வெறும் கனமான பானையாகவே அதைப் பயன்படுத்தலாம்.

மண்சட்டிச் சோறு வற்ற வைக்கும் முறையின் மிக நுட்பமான வடிவம். குவாங்டோங்கின் குளிர்கால உணவாகிய அதில், ஊறிய நீள அரிசி சட்டியில் வெந்து, நீர் மேற்பரப்பிலிருந்து மறைந்து, சோற்றில் சிறு சிறு துளைகள் தெரியும் தருணத்தில், ‘லாப் சியோங்’ என்னும் உலர்த்திய பன்றி இறைச்சி சாசேஜையோ ஊறவைத்த உலர் காளானையோ மேலே பரப்பி மூடுகிறார்கள். பிறகு ஓரங்களில் எண்ணெய் விட்டு, சட்டியைச் சாய்த்துச் சாய்த்து நாலாபுறமும் தீயில் காட்ட வேண்டும். இந்தக் கட்டத்தில் கண்ணைவிடக் காதுதான் உதவுகிறது. நீர் இருக்கும்வரை கொதிக்கும் ஒலி கேட்கும். அது அடங்கி, மெல்லிய சடசடப்பு தொடங்கினால் அடியில் பொன்னிறக் காந்தல் பிடிக்கிறது என்று பொருள். தீய்ந்த வாடை வருவதற்குள் இறக்கிவிட வேண்டும். இந்தக் காந்தலுக்காகவே இந்தச் சோற்றை உண்பவர்கள் உண்டு. புதுச் சட்டியைக் கஞ்சி காய்ச்சிப் பழக்குவது அங்கும் இங்கும் ஒரே வழக்கமாக இருப்பதால், வீட்டில் பழகிய மண்சட்டி இருந்தால் வேறு வாங்க வேண்டாம். ஆனால் சோற்றையே இன்னும் கற்காதவர் இதில் தொடங்கினால், காந்தலும் வேகாத அரிசியும் ஒரே சட்டியில் கிடைக்கும்.

என் தேர்வு இதுதான். தனியாகவோ இருவராகவோ வாழ்கிறவர், அரைக் கிலோ மல்லிகை அரிசி தீரும்வரை மூடிய பானையில் வற்ற வைத்துப் பழக வேண்டும். கை படிந்தபின் எளிய மின்சாரக் குக்கர் ஒன்றை வாங்கினால் வேலை நாட்களின் சுமை குறையும். நான்கைந்து பேர் உண்ணும் வீட்டில், பானையில் சோறு வடித்துப் பழகியவர் இருந்தால், குக்கருக்குப் பணம் செலவிடாமல் இட்லிப் பானையோடு சிச்சுவான் முறையை மேற்கொள்வதே நல்லது; அளவு எவ்வளவு கூடினாலும் அந்த முறை ஏமாற்றாது. குட்டை அரிசியை மட்டும் வடிக்கக் கூடாது. அதன் இனிப்பும் பசையும் கஞ்சியோடு போய்விடும். மறுநாள் வறுத்த சோறு செய்யும் எண்ணம் இருந்தால், வடித்து அவித்த சோறே வாணலியில் கட்டிப்படாமல் பிரிகிறது. ஆனால் எஞ்சிய சோற்றை அறை வெப்பத்தில் இரவு முழுவதும் வைத்திருக்காமல், ஆவி அடங்கியதும் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

பரிமாறும்போது சிறிய கிண்ணத்தில் தளர்வாக இட்டு, கிண்ணத்தைக் கையில் தூக்கி வாயருகே கொண்டுவந்து உண்பதே அங்குள்ள முறை. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது. இறந்தவர்களுக்கு ஏற்றும் ஊதுவத்தியின் தோற்றம் அது என்பதால், மேசையில் இருக்கும் பெரியவர்கள் வருந்துவார்கள்.

புதிய பை அரிசியைத் திறக்கும்போது முதல் வேளையை ஒரு டம்ளர் அளவில் மட்டும் சமைத்து, எவ்வளவு நீர் வைத்தோம், சோறு எப்படி வந்தது என்பதைப் பையின் மேலேயே எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மூன்றாம் வேளையில் அந்தப் பைக்குரிய நீர் எவ்வளவு என்பது தெரிந்துவிடுகிறது. அடுத்த பைக்கு அந்த அளவு பெரும்பாலும் பொருந்துவதில்லை.